சென்னை மொட்டை மாடியிலிருந்து செயற்கைக்கோள் பார்ப்பது: நடு வானத்தில் அணைந்து போனது என்ன?

பெரம்பூர்வாசி

வணக்கம். பிப்ரவரி நடுவில் ஒரு மாலை, காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது தென்மேற்கே ஒரு வெளிச்சம் மேலே ஏறி வருவதை நானும் மகளும் பார்த்தோம். விமானம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மினுக்கவில்லை, சிவப்பு பச்சை விளக்கு எதுவும் இல்லை, தலைக்கு நேரே வந்தபோதும் சத்தம் இல்லை. வானத்தில் அப்போது இருந்த எல்லா நட்சத்திரங்களையும் விட அதுதான் பிரகாசம். வரிசையாக மூன்று நட்சத்திரம் இருக்குமே, அதைத் தாண்டி உச்சிக்கு வந்ததும் லேசாகச் சிவந்து, மங்கி, சில விநாடிகளில் காணாமல் போய்விட்டது. மேகம் துளிகூட இல்லை. மணி 7.35 இருக்கும், போனில் பார்த்தேன்.

அது செயற்கைக்கோளா? அப்படியென்றால் நடு வானத்தில் எப்படி அணையும்? எங்கள் தெருவில் எல்இடி விளக்கு வந்த பிறகு நட்சத்திரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், இந்த வானத்தில் இதைத் தொடர்ந்து பார்க்க முடியுமா, இல்லை ஊருக்கு வெளியே போக வேண்டுமா? டெலஸ்கோப் வாங்க வேண்டுமா? மகள் ஏழாம் வகுப்பு, இனி தினமும் மாலையில் மாடிக்குப் போகலாம் என்கிறாள். எந்த நாளில் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள வழி இருந்தால் சொல்லுங்கள்.

மாடிவானம்

நீங்கள் பார்த்தது சர்வதேச விண்வெளி நிலையமாகத்தான் இருக்க வேண்டும். தேதி நினைவிருந்தால் பிறகு உறுதி செய்துகொள்ளலாம், ஆனால் நீங்கள் எழுதிய மூன்று விவரமும் (தென்மேற்கில் உதித்தது, அவ்வளவு பிரகாசம், 7.35க்கு உச்சியில் அணைந்தது) அதற்கு அப்படியே பொருந்துகின்றன.

அணைந்து போனதுதான் இதில் அருமையான விஷயம், அதனால் அதை முதலில் சொல்கிறேன். செயற்கைக்கோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, அதன் மேல் படும் வெயிலைத்தான் நாம் பார்க்கிறோம். தெருவில் விளக்கு போட்ட பிறகும் கோபுரக் கலசத்தில் கொஞ்ச நேரம் வெயில் ஒட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அதேதான். நமக்குச் சூரியன் மறைந்துவிட்டது, 400 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதற்கு இன்னும் மறையவில்லை. அது நகர்ந்துகொண்டே போய் பூமியின் நிழலுக்குள் நுழையும்போது அதற்கும் சூரிய அஸ்தமனம் ஆகிறது. கடைசியில் சிவந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது உண்மையான அஸ்தமனச் சிவப்பு: வெயில் பூமியின் காற்று மண்டலத்தை ஊடுருவிப் போய் அதன் மேல் பட்ட கடைசி சில விநாடிகள். நிலையம் அணையவில்லை, அதே பாதையில் இருட்டில் போய்க்கொண்டிருந்தது.

கணக்கும் எளிது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே சுமார் 20 டிகிரி இறங்கும் வரை நம் தலைக்கு மேலே அந்த உயரத்தில் வெயில் இருக்கும். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது, அந்த 20 டிகிரியைக் கடக்க 80 நிமிடம் போதும். பிப்ரவரி நடுவில் இங்கே அஸ்தமனம் 6.15 வாக்கில். 80 நிமிடத்தைக் கூட்டிப் பாருங்கள்.

இதிலிருந்து நமக்கு ஒரு விதி கிடைக்கிறது, சென்னையில் இதை விட முக்கியமானது எதுவும் இல்லை: அஸ்தமனத்துக்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், அல்லது உதயத்துக்கு முன் அதே அளவு நேரத்துக்குள் மாடியில் இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நிதானமாக மேலே போனால் தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் எல்லாம் நிழலுக்குள் இருக்கும். "நகரத்தில் ஒன்றும் தெரியாது" என்று சொல்பவர்கள் பலரும் தெருவிளக்கைக் குறை சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் பார்க்கப் போன நேரம்தான் தவறு.

வெளிச்சத்தைப் பற்றி: விண்வெளி நிலையம் நன்றாகத் தலைக்கு மேலே வரும் நாளில் வெள்ளிக் கிரகத்துக்குச் சமமாக ஒளிரும். பெரம்பூர் என்ன, தி.நகர் ரங்கநாதன் தெருவில் தலையைத் தூக்கினாலும் தெரியும். ஊருக்கு வெளியே போக வேண்டாம், டெலஸ்கோப்பும் வேண்டாம். டெலஸ்கோப் காட்டும் வானம் மிகச் சிறிய வட்டம், இது விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, கையால் தள்ளித் தள்ளிப் பின்தொடர்வது பழகியவர்களுக்கே கஷ்டம். வெறும் கண்தான் இதற்குச் சரியான கருவி.

திரிசூலம்

விமானத்தைப் பிரித்தறிவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன், மாலை வேளையில் இங்கே வானத்தில் இவைதான் அதிகம்.

மினுக்கினால் விமானம் என்பது பெரும்பாலும் சரி, ஆனால் ஒரு இடத்தில் ஏமாற்றும். இறங்க வரும் விமானம் நம்மை நோக்கி வரும்போது அதன் முன்விளக்கு சீராக, மிகப் பிரகாசமாக, அசையாமல் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும், பக்க விளக்குகள் அந்த ஒளியில் அடங்கிவிடும். ஒரு நிமிடம் பொறுத்தால் திரும்பிவிடும், அப்போது சிவப்பும் பச்சையும் பளிச்சிடும். கண்ணுக்குத் தெரியும் செயற்கைக்கோள் ஒருபோதும் நிற்காது, திசை மாறாது, ஒரே வளைவில் சீராகப் போகும்.

திசையும் உதவும். விண்வெளி நிலையத்தின் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 டிகிரி சாய்ந்தது, அதனால் சென்னையில் அது தென்மேற்கிலிருந்து வடகிழக்காகவோ வடமேற்கிலிருந்து தென்கிழக்காகவோ மட்டுமே வரும். வடக்கு தெற்காகப் போவது பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள், அல்லது அதைக் கொண்டுபோய் விட்ட ராக்கெட்டின் காலி அடுக்கு. கிழக்கிலிருந்து நேர் மேற்காக ஒன்று போனால் அது விமானம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பூமி சுழலும் வேகம் இலவசமாகக் கிடைக்கும் என்பதால் உலகத்தில் பெரும்பாலும் கிழக்கு நோக்கியே ஏவுகிறார்கள், நேர் மேற்காக ஏவுவதில்லை. அண்டை நாடுகளின் மேல் பறக்கக் கூடாது என்று மத்தியதரைக் கடல் பக்கம் மேற்காக ஏவும் இஸ்ரேலின் சில செயற்கைக்கோள்கள் விதிவிலக்கு.

மினுக்குவதெல்லாம் விமானமும் இல்லை. காலி ராக்கெட் அடுக்கு கட்டுப்பாடு இல்லாமல் உருண்டுகொண்டே போகும், அதன் அகலமான பக்கம் நம்மைப் பார்க்கும்போது ஒளிர்ந்து, குறுகிய பக்கம் வரும்போது மங்கும். அந்தத் துடிப்பு நிதானமாக, சில விநாடிகளுக்கு ஒருமுறை இருக்கும். விமானத்தின் வெள்ளை விளக்கு சட்சட்டென்று வெட்டும். ஒரு முறை இரண்டையும் பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது.

தேம்ஸ்கரை

லண்டனிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் சென்னைதான். மாடிவானம் சொன்ன நிழல் கணக்கு இங்கே எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஜூன் மாதத்தில் நள்ளிரவிலும் சூரியன் இங்கே 17 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. அதனால் விண்வெளி நிலையம் இரவு முழுக்க வெயிலிலேயே இருக்கும், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை வந்து வந்து போகும், ஒரே இரவில் நாலைந்து முறை பார்க்கலாம். சென்னையில் பெரும்பாலும் மாலைக்கு ஒன்றுதான்.

ஆனால் சென்னைக்கு இருக்கும் ஒரு பாக்கியம் எனக்கு இங்கே இல்லை. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி. 1990 ஏப்ரலில் ஏவியது, சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதன் பாதையின் சாய்வு 28.5 டிகிரிதான், அதனால் லண்டன் அடிவானத்துக்கு மேலே அது வருவதே இல்லை. சென்னையில் தலைக்கு நேரே போகும். ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா வீட்டு மாடியில் அதைத் தேடிப் பார்த்துவிடுவேன். விண்வெளி நிலையம் அளவுக்கு வெளிச்சம் எதிர்பார்க்க வேண்டாம், சப்தரிஷி மண்டலத்து நட்சத்திரம் ஒன்று மேற்கிலிருந்து கிழக்கே நடந்து போவது போலத்தான் இருக்கும். தெருவிளக்கு கண்ணில் படாதபடி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றால் நகரத்திலேயே தெரிகிறது. பாடப் புத்தகத்தில் பார்க்கும் விண்மீன் திரள் படங்களில் பலவற்றை எடுத்த கருவி இதோ போகிறது என்று ஒரு குழந்தைக்குக் கையால் காட்ட முடிவது சாதாரண விஷயம் இல்லை, தயவுசெய்து மகளுக்குக் காட்டுங்கள்.

பெரம்பூர்வாசி

இவ்வளவு விவரமாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. சிவந்தது நிஜமான அஸ்தமனம் என்றதும் மகள் அதை இரண்டு முறை படித்துப் பார்த்தாள்.

செயற்கைக்கோள் வரும் நேரத்தைச் சொல்லும் ஹெவன்ஸ் அபவ் ஆப்பைப் போனில் போட்டேன். பட்டியல் வருகிறது, ஆனால் அதில் இருக்கும் எண்கள் புரியவில்லை. பிரகாசம் என்ற இடத்தில் சிலவற்றுக்கு மைனஸ் 3.1, சிலவற்றுக்கு பிளஸ் 4 என்று இருக்கிறது. உயரம் என்று 10 டிகிரி, 62 டிகிரி என்கிறது. இதை வைத்து எங்கே பார்ப்பது? அப்புறம், அதே நிலையம் அடுத்த வாரம் முழுக்கப் பட்டியலில் இல்லவே இல்லை, அது ஏன்?

மாடிவானம்

முதலில் இடத்தைச் சரிபாருங்கள். லொகேஷன் அனுமதி கொடுக்காவிட்டால் ஆப் வேறு ஏதோ ஊருக்குக் கணக்குப் போடும். நேரம் இந்திய நேரமா என்றும் பாருங்கள், உலகப் பொது நேரத்தில் காட்டினால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போய்விடும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நிலையம் "வராமல் போவது" பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றால்தான்.

பிரகாச எண் தலைகீழானது: எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம். திருவாதிரை நட்சத்திரம் ஏறக்குறைய அரை, சிரியஸ் மைனஸ் ஒன்றரை, வெள்ளி மைனஸ் நாலு. சென்னை நடுவில் ஒரு சாதாரண இரவில் பிளஸ் 3 வரை கண்ணுக்குத் தெரிந்தால் நல்ல வானம். அதனால் பட்டியலில் பிளஸ் 2க்கு மேலே இருப்பதை எல்லாம் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், மைனஸ் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விண்வெளி நிலையத்தை விட்டால் அடுத்து சீனாவின் தியான்கொங் நிலையம். 2021 ஏப்ரலில் முதல் பகுதி போனது, அதுவும் நகர வானத்தில் நன்றாகத் தெரியும்.

உயரக் கோணத்துக்குக் கையே அளவுகோல். கையை நேராக நீட்டி விரல்களை மடக்கினால் முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. 62 டிகிரி என்றால் அடிவானத்திலிருந்து ஆறு முஷ்டி. 30 டிகிரிக்குக் கீழேயே முடிந்துவிடும் வருகைகளுக்கு மெனக்கெட வேண்டாம். பக்கத்து அடுக்குமாடி மறைப்பது ஒரு காரணம். கடற்கரை ஊரின் ஈரப்பதமும் புகையும் அடிவானத்துக்குப் பக்கத்தில்தான் கெட்டியாக நிற்கும் என்பது இன்னொன்று. தலைக்கு மேலே 400 கிலோமீட்டரில் இருப்பது, 30 டிகிரியில் தெரியும்போது 700 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் டிகிரியை விட நட்சத்திரத்தை வைத்துத் தேடுவது சுலபம். ஆப் பாதையை நட்சத்திர வரைபடத்தின் மேல் கோடாகப் போட்டுக் காட்டும். இந்த மாதங்களில் மாலையில் வானம் நமக்கு ரொம்பவே ஒத்துழைக்கிறது: நீங்கள் சொன்ன மூன்று நட்சத்திரம் ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பு, அதற்கு ஒரு பக்கம் செம்மஞ்சளாகத் திருவாதிரை, தலைக்கு மேலே ரோகிணி, அதை அடுத்துக் கொத்தாகக் கார்த்திகை, தெற்கே தாழ்வாக அகத்திய நட்சத்திரம். இவ்வளவும் பிரகாசமானவை, இவற்றை மகள் பழகிக்கொண்டால் "ரோகிணிக்கும் கார்த்திகைக்கும் நடுவில் போகும்" என்றே நீங்கள் பேசிக்கொள்ளலாம், கோணமே தேவைப்படாது.

மாலையில் மேற்குப் பக்கத்தில் உதிக்கும்போது சற்று மங்கலாக இருக்கும், சோர்ந்துவிடாதீர்கள். சூரியன் அந்தப் பக்கம் இருப்பதால் நிலையத்தின் நிழல் பக்கம்தான் நம்மைப் பார்க்கிறது. உச்சியைத் தாண்டிக் கிழக்கே சாயும்போதுதான் வெயில் பட்ட பக்கம் முழுதாகத் தெரியும், அதற்குள் நிழல் வந்து விழுங்காமல் இருந்தால் அதுதான் மிகப் பிரகாசமான கட்டம். விடியற்காலையில் எல்லாமே தலைகீழ்: மேற்கே அல்லது உச்சிக்குப் பக்கத்தில் வெறும் வானத்தில் திடீரென்று முளைத்து, கிழக்கே இறங்கும். கோலம் போட எழுந்தவர்கள் இதைப் பார்த்துத் திகைத்துப் போய் எழுதிய கேள்விகளை இங்கேயே படித்திருக்கிறேன்.

வாரம் முழுக்கக் காணாமல் போவதற்கு வருகிறேன். நிலையம் ஒரு நாளைக்குப் பதினைந்து முறைக்கு மேல் பூமியைச் சுற்றுகிறது. அதன் சுற்றுப்பாதையின் தளமும் மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது, பூமி நடுவில் சற்றுப் பருத்திருப்பதால் வரும் விளைவு அது. சூரியனை வைத்துப் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முழுச் சுற்று. அதனால் சில நாள் நம் மாலை நேரத்தில் வரும், பிறகு பகலிலும் நடு இரவிலும் மட்டுமே தலைக்கு மேலே போகும், பிறகு விடியற்காலைத் தொடர் ஒன்று, அப்புறம் மறுபடி மாலை. பட்டியலை வாரத்துக்கு ஒரு தரம் பார்த்து நல்ல நாளைக் குறித்துக்கொண்டால் போதும், தினமும் மாடிக்கு ஏற வேண்டியதில்லை. குறித்த நாளன்று மட்டும் மறுபடி ஒருமுறை நேரத்தைச் சரிபாருங்கள், நிலையத்தை அவ்வப்போது எஞ்சினால் தள்ளி உயர்த்துவார்கள், அப்போது பழைய கணிப்பு மாறிவிடும்.

ஹெவன்ஸ் அபவ் இணையதளத்தில் பட்டியலைப் பின்தேதிக்கும் நகர்த்தலாம். நீங்கள் பார்த்த நாளுக்குப் போய்ப் பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நான் பையனாக இருந்தபோது தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் மின்சாரம் எல்லா வீட்டுக்கும் வரவில்லை. கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டுப் படுத்திருக்கும்போது அப்பா எக்கோவைக் காட்டுவார். அமெரிக்கா 1960 ஆகஸ்டில் ஏவிய பெரிய பலூன் அது, 30 மீட்டர் குறுக்களவு, மேலே முழுக்க அலுமினியப் பூச்சு. ரேடியோ அலையை அதன் மேல் மோதவிட்டு வேறு ஊரில் பிடிக்க முடியுமா என்று பார்ப்பதற்காக விட்டது. உலகத்தில் மிக அதிகம் பேர் கண்ணால் பார்த்த செயற்கைக்கோள்களில் ஒன்றாக அது இருந்திருக்கும். 1968இல் விழுந்து எரிந்துவிட்டது.

மாடிவானம் சொன்ன கணக்கைப் படித்தபோதுதான் ஒன்று விளங்கியது. நாங்கள் எக்கோவைச் சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு, நன்றாக இருட்டி வெகு நேரம் கழித்தும் பார்த்திருக்கிறோம். அது 1,600 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது, அதனால்தான் அஸ்தமனமாகி இரண்டரை மணி நேரம் வரையிலும் அதன் மேல் வெயில் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1957இல் ஸ்புட்னிக்கைப் பார்த்தோம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் பார்த்தது பொய் இல்லை, ஆனால் அது ஸ்புட்னிக் உருண்டை இல்லை. உருண்டை வெறும் 58 சென்டிமீட்டர், வெறும் கண்ணுக்கு எட்டுவது மிகக் கடினம். அதைத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் மைய அடுக்கும் கூடவே சுற்றுப்பாதையில் வந்தது, உலகம் முழுக்க மக்கள் அண்ணாந்து பார்த்தது அதைத்தான். தம்பி, உங்கள் பெண்ணுக்கு இதையும் சொல்லுங்கள்.

ஜவ்வாதுமலை

இணையச் சேவைக்காக ஸ்பேஸ்எக்ஸ் அனுப்பும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் பற்றி யாரும் எழுதவில்லை, நகரத்தில் அதிகம் பேர் பயந்து போய்க் கேட்பது அதைப் பற்றித்தான். ரயில் பெட்டி போல வரிசையாக இருபது, முப்பது விளக்கு ஒன்றன் பின் ஒன்றாகப் போனால் அது ஸ்டார்லிங்க். 2019 மே மாதம் முதல் 60 செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் அனுப்பியதிலிருந்து இந்தக் காட்சி நடக்கிறது. ஏவிய முதல் சில நாள் தாழ்வாக, நெருக்கமாக, பிரகாசமாக இருக்கும். பிறகு தங்கள் சிறிய எஞ்சினால் மெல்ல மெல்லச் சுமார் 500 கிலோமீட்டர் வரை ஏறிப் பிரிந்துவிடும், அதன் பிறகு சென்னை வானத்தில் பைனாகுலர் இல்லாமல் தெரிவது அரிது. புகை, வால், தீப்பொறி எதுவும் இருக்காது. துண்டு துண்டாக வாலோடு எரிந்துகொண்டு மெதுவாகப் போனால் அது வேறு: 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிரத்தில் பலரும் பார்த்தது அப்படி ஒன்று, சீன ராக்கெட் அடுக்கு திரும்பி விழுந்தது என்றே நிபுணர்கள் சொன்னார்கள், சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று கிடைத்தது.

இணையத்தில் பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இரிடியம் மின்னலைத் தேட வேண்டாம். செயற்கைக்கோள் போனுக்காக விட்ட அந்தப் பழைய இரிடியம் செயற்கைக்கோள்களில் கதவளவு ஆண்டெனாத் தகடுகள் மூன்று இருந்தன, கண்ணாடி போல வெயிலைத் திருப்பிச் சில விநாடி வெள்ளியை விடப் பல மடங்கு பளிச்சிடும். 2017க்குப் பிறகு புதியவற்றை அனுப்பி, பழையவற்றில் பெரும்பாலானவற்றைக் கீழே இறக்கி எரித்துவிட்டார்கள். புதியவை அப்படி மின்னுவதில்லை.

இந்த இழையில் எல்லோரும் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கும் செயற்கைக்கோள் பார்ப்பது பிடிக்கும். ஆனால் எங்கள் மலையில்தான் காவலூர் இருக்கிறது, வைணு பாப்பு வானாய்வகம், 2.34 மீட்டர் தொலைநோக்கி. நகர வெளிச்சத்துக்குத் தப்பிக் காட்டுக்குள் வந்து கட்டிய இடம். தெருவிளக்கிலிருந்து தப்பிக்க மலை ஏறலாம், ஆயிரக்கணக்கில் மேலே சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து தப்பிக்க எந்த மலையும் கிடையாது. நீண்ட நேரம் திறந்து வைத்து எடுக்கும் படத்தில் அவை ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைக் கீறல். வெயில் திரும்பாமல் இருக்க ஸ்டார்லிங்க்காரர்கள் மறைப்பு வைத்தும் பார்த்தார்கள், ஓரளவு குறைந்தது, போகவில்லை. 2022 செப்டம்பரில் ஏவிய புளூவாக்கர் 3 என்ற செயற்கைக்கோள் 64 சதுர மீட்டர் ஆண்டெனாவை விரித்ததும் வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களுக்குச் சமமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு விண்வெளி நிலையத்தைக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

திரிசூலம்

ஜவ்வாதுமலை அண்ணா சொல்வது நியாயம். காவலூரின் வானம் நம் எல்லோருடைய சொத்து.

பெரம்பூர்வாசிக்கு இன்னொரு விஷயம், உங்கள் மாடி வடக்குப் பக்கம் திறந்திருந்தால் பயன்படும். ஸ்ரீஹரிகோட்டா சென்னைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர்தான். இரவில் ராக்கெட் ஏவும் நாட்களில் வடசென்னை மாடிகளிலிருந்தே செம்மஞ்சள் நெருப்பு மேலே ஏறுவது தெரியும். 2024 டிசம்பர் 30 இரவு பத்து மணிக்கு ஸ்பேடெக்ஸ் (விண்வெளியில் ஒன்றோடொன்று இணையும் சோதனை) செயற்கைக்கோள்களோடு போன பிஎஸ்எல்வி ராக்கெட் மாதிரி மேகம் இல்லாத இரவு ஏவுதல் கிடைத்தால் தவறவிடாதீர்கள். இஸ்ரோ நேரடி ஒளிபரப்பைப் போனில் ஓடவிட்டால் சிலசமயம் சில விநாடி பின்தங்கி வரும், அதனால் கடிகாரத்தைப் பார்த்து வானத்தைப் பாருங்கள்.

பெரம்பூர்வாசி

பின்தேதிக்குப் போய்ப் பார்த்தேன். விண்வெளி நிலையமேதான். தென்மேற்கில் உதித்து, உச்சிக்குப் பக்கத்தில் 7.35க்கு நிழலுக்குள் போனது என்று போட்டிருக்கிறது. மகள் அந்தப் பக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் காட்ட அச்செடுத்து வைத்திருக்கிறாள்.

இரண்டே கேள்வி. போனில் படம் எடுக்க முடியுமா? அப்புறம், எங்கள் வீட்டு டிஷ் ஆண்டெனா எப்போதும் ஒரே பக்கம் பார்க்கிறதே, அந்தச் செயற்கைக்கோளைப் பார்க்க முடியாதா?

மாடிவானம்

இரண்டாவதுக்கு முதலில். டிஷ் பார்ப்பது 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதை. பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால் நமக்கு அசையாமல் நிற்கிறது. உதாரணத்துக்கு இந்தியாவின் ஒளிபரப்புச் செயற்கைக்கோள் ஜிசாட் 30 நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 83 டிகிரியில், சென்னை 80 டிகிரியில் இருப்பதால் கிட்டத்தட்ட நேர் தெற்கே, ஏழு முஷ்டிக்கும் மேலான உயரத்தில். டிஷ் அவ்வளவு நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பது அதனால்தான். விண்வெளி நிலையத்தை விட எண்பது மடங்குக்கு மேல் தூரம், அளவும் சிறியது, கண்ணுக்குத் தெரியாது.

படம் எடுக்கலாம். சின்ன டிரைபாட் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் கைப்பிடிச் சுவரில் இரண்டு செங்கலுக்கு நடுவில் போனை அசையாமல் நிறுத்துங்கள். புரோ மோடில் ஷட்டரை 10 விநாடிக்கு வைத்து, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 100 அல்லது 200க்குக் குறைத்து, ஃபோகஸை முடிவிலிக்குத் தள்ளி, டைமரில் எடுங்கள். நகர வானத்தில் ஐஎஸ்ஓவை ஏற்றினால் முழுப் படமும் ஆரஞ்சு நிறமாக வெளுத்துவிடும். 10 விநாடியில் நிலையம் ஒரு கோடாக விழும். அடுத்தடுத்து எடுத்த படங்களைப் பிறகு ஒன்றாகச் சேர்த்தால் நீளமான பாதை கிடைக்கும். நைட் மோடில் மட்டும் எடுக்காதீர்கள், அது பல படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அசைந்ததை அழித்துவிடும், கோடு துண்டு துண்டாகிவிடும் அல்லது இல்லாமலே போகும்.

பங்குனி வரை வானம் கைகொடுக்கும், அதற்குள் எடுத்துப் பழகிவிடுங்கள். ஆனி ஆடியில் மாலை இடிமேகம், ஐப்பசி கார்த்திகையில் பருவமழை. 2025 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரை இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அந்த நிலையத்தில் இருந்தபோது இங்கே எத்தனையோ பேர் மாடிக்கு வந்து மேகத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினார்கள். நிலையத்தை 2030 வரை இயக்கத் திட்டம், அதன் பிறகு கடலில் இறக்கிவிடுவார்கள். அதுவரை உங்கள் மகள் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.